எழும்பிக் கொடுத்த நாற்காலிகள்

நான் உள்ளே போனபோது தேவிகா ஜன்னலோரமாக நின்றுகொண்டிருந்தாள். காதில் ஹெட்போன். லேப்டாப் ஜன்னல் கட்டையில் இருந்தது. கட்டையின் அகலம் அதற்குப் போதவில்லை. ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டிக்கொண்டே, எங்கோ இருந்த வாடிக்கையாளர் ஒருவருக்குச் சிங்களத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே லிந்துலைப் பக்கத்து மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய முழங்கை நனைந்திருந்தது.

சுவரோரமாக இன்னும் சில பெண்கள் நின்றார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் கிடைக்காதவர்களைப் போல.

நாற்காலிகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த இளைஞர்கள். நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு, பிளேன்டீயை உறிஞ்சியபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அழைப்பு முடியும்வரை காத்திருந்து கேட்டேன்.

“ஏன் புள்ள நிக்கிற?”

“நாக்காலியில ஆள் இருக்காங்கக்கா.”

“அது ஒன் நாக்காலி.”

“ஆமாக்கா.”

“அப்ப ஒன்ன யாரு எழுப்புனது?”

தேவிகா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “யாரும் எழுப்பலக்கா. அவங்க வந்தாங்க. நான் எழும்பிட்டேன்.”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு யார்மேல் கோபப்படுவது என்று எனக்கே தெரியவில்லை.

பிள்ளைக் காம்பராவில் ஓர் ஆபீஸ்

போன வாரம், கொழும்பில் நான் வேலை பார்த்த பயண நிறுவனம் மூடப்பட்டு, பெட்டியும் படுக்கையுமாக ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். நாடே பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. என்னைப் போலக் கொழும்பிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் பலர்.

சிலருக்கு வேலை போகவில்லை. ‘வீட்டிலிருந்தே செய்யுங்கள்’ என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். சொல்வது சுலபம். எங்கள் வீடு என்பது லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. ஒரு காம்பரா, அதற்கு முன்னால் திண்ணை போல ஓர் இஸ்தோப்பு, பக்கத்துக் காம்பராவில் தும்மினால் இந்தப் பக்கம் ‘நூறு வயசு’ சொல்லும்படியான சுவர். போனில் ஒரு கோடு சிக்னல் வந்தால் அன்றைக்குத் திருவிழா.

சிக்னல் ஒழுங்காகக் கிடைத்த ஒரே இடம் மேட்டில் இருந்த பழைய பிள்ளைக் காம்பராதான். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்தக் கட்டடம். புதிய பிள்ளைக் காம்பராவைக் கீழே கட்டியபிறகு பழையதில் ஆடுகள் குடியேறியிருந்தன. அதன் வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு தேவிகா போனில் வேலை பார்ப்பதை நான் வந்த முதல் வாரத்திலேயே பார்த்தேன்.

அப்புறம் நாங்கள் சிலர் சேர்ந்து துரையிடம் போனோம். துரை என்றால் தோட்டத்து மேனேஜர். சிங்களவர். தமிழை வேலை வாங்குவதற்காகக் கற்றவர் என்பதால் அவருடைய தமிழில் ‘நீ’ மட்டுந்தான் உண்டு, ‘நீங்க’ கிடையாது. ஆனால் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

“எடுத்துக்க. ஆட்ட மட்டும் வெளிய போடு,” என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஆட்டை வெளியே போடுவது சுலபமாக இருந்தது. அதன் வாசனையைப் போடுவதுதான் பெரும்பாடு. சுண்ணாம்பு அடித்தோம், சாம்பிராணி போட்டோம், தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்தது. இன்றைக்கும் அடைமழை நாளில் உள்ளே ஓர் ஆடு இருப்பது போலவே இருக்கும். கோயில் கமிட்டியார் பழைய நாற்காலிகளைக் கொடுத்தார்கள். பஸாரிலிருந்து கம்பி இழுத்து இன்டர்நெட் வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டோம்.

பையன்கள் அதற்கு ஸ்டைலாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துப் பலகையும் எழுதி மாட்டினார்கள். யார் கேட்டது? ‘எங்க போற?’ என்றால் ‘பிள்ளைக் காம்பராவுக்கு’ என்பதுதான் இன்றைக்கும் பதில். வளர்ந்த பெண் ஒருத்தி லேப்டாப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படிச் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்க எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

தேவிகாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய கணவருக்குக் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. அவளுக்குப் பேசத் தொடங்கிய வயதில் ஒரு பெண் குழந்தை. தேவிகாவுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வரும். அதனால் கொழும்பு நிறுவனம் ஒன்றில், போனில் வரும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை கிடைத்திருந்தது. பிள்ளைக் காம்பரா இருந்ததால் அந்த வேலையைத் தோட்டத்திலிருந்தே செய்தாள். மத்தியானம் ஓடிப் போய்ப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்தாள்.

இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எங்கள் தோட்டத்தில், வேலைக்காகத் தூரம் போன அம்மாவைப் போனில் மட்டும் தெரிந்து வளர்ந்த பிள்ளைகளை எண்ணத் தொடங்கினால் முடிவே இருக்காது. என் அக்காவின் பிள்ளைகளும் அதில் அடக்கம். ஒரு தாய் தன் வீட்டிலேயே இருந்து சம்பாதிப்பது எங்களுக்குப் பெரிய விஷயந்தான்.

பனிக்கு வந்த மவுசு

விருந்தாளிகள் எப்படி வந்தார்கள்? யாரோ ஒருவர் எங்கள் ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையையும் அதன்மேல் கிடந்த பனியையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். முன்னால் ஒரு கோப்பைத் தேநீர். பக்கத்தில் லேப்டாப். அவ்வளவுதான். ஊரே பார்த்துவிட்டது.

முதலில் ஒருவர் வந்தார். பிறகு அவருடைய நண்பர்கள். பிறகு வெளிநாட்டுக்காரர்கள். எந்தப் பனி எங்கள் துணியைக் காயவிடாமல் வாரக்கணக்கில் கழுத்தறுக்கிறதோ, அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய விமானம் ஏறி வந்தார்கள்.

பொய் சொல்லக் கூடாது. எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆட்டோக்காரர்களுக்கு ஓட்டம் கிடைத்தது. வீட்டுத் தோட்டத்தில் லீக்ஸும் கேரட்டும் போட்டவர்கள் வாசலிலேயே விற்றார்கள். விருந்தாளிகள் இன்டர்நெட் செலவிலும் தாராளமாகப் பங்கு கொடுத்தார்கள்.

ஆனால் பஸார் மாறத் தொடங்கியது. வடையும் பிளேன்டீயும் விற்ற கடை கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டது. நாங்கள் காலையில் அவசரத்துக்குச் சுட்டுத் தின்னும் ரொட்டி, மரத்தட்டில் ஏறி, பக்கத்தில் ஒரு கீரைத் தழையைச் செருகிக்கொண்டு, எங்களுக்கே அடையாளம் தெரியாமல் போனது. மலையிலிருந்து நேராக வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் கூடையுமாகக் கடைக்குள் நுழையும் பெண்கள் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அவர்களை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

பஸார் பாடசாலையில் கணக்குப் படிப்பித்த வசந்தி டீச்சருக்கு மட்டும் வெளிப்படையாகவே சொன்னார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். பல வருஷமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரருக்கு அந்த அறை சுற்றுலாப் பயணிகளுக்கு வேண்டுமாம். டீச்சர் புத்தகக் கட்டுகளோடு, இஸ்தோப்பை அடைத்து நாங்கள் கட்டியிருந்த முன்னறைக்கு வந்து சேர்ந்தார்.

“என்ர அறையில இப்ப ஆரோ வெள்ளைக்காரர் இருக்கினமாம்,” என்றார், கட்டை அவிழ்த்துக்கொண்டே. “வாடகை கூட்டித் தாறன் எண்டும் சொல்லிப் பாத்தன். சரிவரேல்ல. என்ன செய்யிறது?”

அந்த டீச்சர்தான் ஒருநாள் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து, எங்கள் பிள்ளைகள் சுவரோரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, நான் இத்தனை நாள் என்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வியைக் கேட்டார்.

“அது சரி சாந்தி, உங்கட பிள்ளையள் ஏன் கதிரையை விட்டு எழும்பினவை? இவை எழும்பச் சொல்லிக் கேட்டவையே?”

“இல்ல டீச்சர்.”

“பிறகேன்?”

அப்பா எழும்பும் விதம்

ஏன் என்று டீச்சருக்கு நான் என்னத்தைச் சொல்ல? அவர் லயத்தில் வளர்ந்தவர் அல்ல.

என் அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தூரத்தில் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்புவார். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுவார். தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். துரை மேல் ரோட்டில், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். சத்தம் தேய்ந்து மறைந்தபிறகுதான் அப்பா உட்காருவார். ஞாயிற்றுக்கிழமையிலும் அப்படித்தான். லயத்தில் எல்லா ஆண்களும் அப்படித்தான்.

துரைக்கு முன்னால் உட்காரக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. அது தாய்ப்பாலோடு வந்தது.

கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. முதலாளி அறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் நான் எழும்பி நின்றுவிடுவேன். அவர் போய், வந்து, போய், வந்து... நானும் எழும்பி, உட்கார்ந்து, எழும்பி... பக்கத்து மேசைப் பெண் ஒருநாள் ரகசியமாக, “அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவது கஷ்டமா? பாத்ரூம் அந்தப் பக்கம்,” என்று வழி காட்டினாள்.

சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு மாதக் கணக்கானது. என் முழங்கால் என்னைக் கேட்டுக்கொண்டா எழும்புகிறது?

எங்கள் பிள்ளைகளுக்கும் அதே முழங்கால். நல்ல சட்டை போட்ட, வெளியூர்ப் பேச்சுப் பேசும் ஓர் ஆள் உள்ளே வந்தால் எழும்பிவிடுவார்கள். வந்தவர், ‘ஓ, இவர்கள் வேலை முடிந்து போகிறார்கள்’ என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார். இவ்வளவுதான் விஷயம். எங்களை யாரும் துரத்தவில்லை. நாங்களே இடத்தைக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டோம்.

பெயர் ஒட்டிப் பார்த்தேன்

முதலில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பெயர் எழுதி ஒட்டினேன். தேவிகா என்று ஒட்டிய நாற்காலியில் தேவிகா இருப்பாள், விருந்தாளி இருக்க மாட்டார். இதில் என்ன குழப்பம் வர முடியும்?

அடுத்த நாள் வந்து பார்த்தால், விருந்தாளி சாயும்போது உறுத்தக் கூடாது என்று தேவிகாவே தன் பெயரை உரித்து எடுத்துவிட்டு அவரை உட்கார வைத்திருக்கிறாள்.

“பாவம்க்கா, எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க.”

நான் நேராக அந்த நாற்காலியில் இருந்தவரிடம் போனேன். நிஷான் என்று பெயர். கொழும்புச் சிங்களப் பையன், கம்ப்யூட்டர் வேலை, சாதுவான ஆள். சிங்களத்தில் நான் நறுக்கென்று நாலு வார்த்தை சொன்னதும் அவருடைய முகம் சிவந்து போனது.

“எனக்குத் தெரியாது அக்கா. நான் வரும்போதெல்லாம் அவர் எழும்பிப் போவார். வேலை நேரம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்,” என்று பதறிக்கொண்டு தன் சாமான்களை அள்ளினார்.

தேவிகா ஓடி வந்தாள். “பரவால்ல சார், பரவால்ல, இருங்க!” என்று சொல்லி அவரைத் திரும்பவும் உட்கார வைத்துவிட்டாள்.

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அந்த வாரந்தான் தேவிகாவின் ஆபீஸிலிருந்து கடைசி எச்சரிக்கை வந்தது. காற்றுச் சத்தம் கேட்கிறது, அழைப்பு இடையில் அறுந்து போகிறது, இன்னொரு முறை இப்படியானால் கொழும்புக்கே வந்து ஆபீஸில் இருந்து வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

“கொழும்புக்குப் போனா பாப்பாவ யாருக்கா பாப்பாங்க?” என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

“அப்படின்னா நாக்காலிய விடாதடி!”

“விடக் கூடாதுன்னுதான்கா நெனைக்கிறேன். அவங்க வந்து நின்ன ஒடனே என்னமோ ஆயிருது.”

பாக்கியம் வந்தாள்

பாக்கியம், தேவிகாவின் அக்கா. கொழுந்து பறிப்பவள். தோட்டத்தில் அவளுடைய கை வேகத்துக்கும் வாய் வேகத்துக்கும் ஈடு கிடையாது. அதுவரை பிள்ளைக் காம்பராப் பக்கம் அவள் வந்ததே இல்லை. ‘அங்க எனக்கென்னா வேல, நான் என்னா கைப்புள்ளயா?’ என்பாள்.

அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். அதைச் சொல்லத்தான் மலையிலிருந்து நேராக வந்தாள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, காலில் அட்டை கடித்த ரத்தம். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். தங்கை ஜன்னலோரமாக நிற்கிறாள். மேசை முன்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

“ஏய் தேவிகா! ஒன் நெரையில யாரு எறங்கியிருக்கா?”

இந்த இடத்தில் நெரையைப் பற்றி மலைநாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலை மலையில் செடிகள் வரிசை வரிசையாக நிற்கும். காலையில் வேலைக்குப் போனதும் ஒவ்வொருத்திக்கும் பறிக்க ஒரு வரிசை. அதுதான் நெரை. அவள் நெரையில் அவள்தான் பறிக்க வேண்டும். வாசல் வழியாகப் போகிறவளைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறவள், இருக்கிற ஒரே சேலையை இரவல் கொடுக்கிறவள், தன் நெரையில் இன்னொருத்தி கை வைத்தால் பத்ரகாளியாகிவிடுவாள். அதில் அக்கா தங்கையும் இல்லை, மாமியார் மருமகளும் இல்லை. நெரையை விட்டால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அன்றைய பேர் விழாது. பேர் என்றால் ஒரு நாள் கூலி.

“சத்தம் போடாதக்கா. விருந்தாளிங்க,” என்றாள் தேவிகா.

“விருந்தாளின்னா வீட்டுக்கு வரச் சொல்லு, கோழி அடிச்சிக் கொழம்பு வக்கிறேன். நெரையில ஏன் எறங்குறாங்க? ஒன் நெரையக் குடுத்துட்டு நீ ஓரமா நின்னு வேடிக்க பாத்தா, பேரு யாருக்குடி விழும்?”

வெள்ளைக்காரப் பெண் பயந்துபோய்ச் செருப்பைத் தேடினாள். இடுப்பில் கை வைத்து நிற்கும் பாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நிஷான் மட்டும் என்னிடம் என்ன என்று கேட்டார். நெரை என்றால் என்ன என்று சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, வாசல் பக்கம் கிடந்த, பெஞ்சு போன்ற நீள வாங்குக்குப் போய்விட்டார்.

தேவிகா வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்துக்கிட்டு நிக்கிற? எறங்குடி!” என்றாள் பாக்கியம்.

தேவிகா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் குழந்தையின் காய்ச்சலே பாக்கியத்துக்கு ஞாபகம் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை, சளிதான்.

அன்றிலிருந்து பிள்ளைக் காம்பராவில் நாற்காலி என்ற பேச்சே போய்விட்டது. எல்லாம் நெரைதான். நாற்காலியை எழும்பிக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு நெரையைக் கொடுக்கத் தெரியவில்லை. ‘இது என் நெரைங்க, நீங்க அங்க ஒக்காருங்க’ என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழகிவிட்டார்கள். நான் ஒட்டிய காகிதங்களால் முடியாதது இந்த ஒரு சொல்லால் முடிந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நீள வாங்கு விருந்தாளி நெரையானது. மலை நன்றாகத் தெரிவதும் அங்கிருந்துதான். அவர்களுக்குப் பரம சந்தோஷம். எங்கள் ஆட்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். தேயிலையைப் பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தவிப்பு இல்லை.

துரை வந்த காலை

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் நல்ல இடம் என்று பெயர் எடுத்தால் அதற்கு ஆசைப்படவும் ஆள் வரும்.

நிஷான்தான் வந்து சொன்னார். கொழும்பு மேடம் ஒருவர் பிள்ளைக் காம்பராவைக் கேட்டிருக்கிறாராம். சுவர்களை இடித்துக் கண்ணாடி போட்டு, காபி மெஷின் வைத்து, பெரிதாக நடத்தப் போகிறாராம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தினம் சில மணி நேரம் ஒதுக்குவாராம். எங்கள் இடத்தில் எங்களுக்கு ஒதுக்கீடு! துரை அவரை அழைத்து வந்து இடத்தைக் காட்டப் போகிறார்.

எங்கள் கையில் என்ன இருந்தது? ‘ஆட்ட மட்டும் வெளிய போடு’ என்று சொன்ன ஒரு வாய் வார்த்தை. அதற்கும் சாட்சி அந்த ஆடுதான்.

கூடிப் பேசினோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று, துரையிடம் பேசும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் பேச்சைத் தயார் பண்ணினேன். வசந்தி டீச்சர் துரையாக உட்கார்ந்து கேட்டார். இரண்டு இடத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

என்ன முடிவானது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் மனம் பதற வேண்டாம். பிள்ளைக் காம்பரா எங்களிடந்தான் இருக்கிறது. இப்போது வாய் வார்த்தையாக இல்லை, எழுத்தில். மேடத்துக்குப் பல காலமாகப் பூட்டிக் கிடந்த டாக்டர் பங்களா கிடைத்தது. அங்கே எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் நல்ல வேலையில் இருக்கிறார்கள். பஸாரில் வாடகை இறங்கவில்லை. வசந்தி டீச்சர் இன்னும் எங்கள் முன்னறையில்தான் இருக்கிறார், என் குழம்பில் உறைப்புப் போதாது என்று தினமும் குறை சொல்லிக்கொண்டு. தேவிகாவுக்கு ஆபீஸில் பதவி கூடியிருக்கிறது. மத்தியானத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்ட இப்போதும் ஓடுகிறாள்.

ஆனால் இதெல்லாம் என் பேச்சால் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்றைக்குக் காலையில் பனி விலகியிருந்தது. ஜீப் சத்தம் கேட்டதுமே உள்ளே எல்லாருடைய விரல்களும் நின்றுவிட்டன. நான் வாசலுக்குப் போனேன். துரை, மேடம், பின்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். துரை எனக்குத் தலையசைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

“எல்லாம் கொஞ்சம் எழும்பு. எடம் அளக்கணும்.”

நாற்காலிக் கால்கள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஒருத்தி பாதி எழும்பிவிட்டாள். இன்னொருத்தி முழுவதுமாக. விருந்தாளிகளை வேறு இடத்தில் உட்கார வைக்கப் பழகியிருந்தார்கள், சரி. இது விருந்தாளி இல்லையே. துரை.

தேவிகா ஓர் அழைப்பில் இருந்தாள். மறுபக்கம் யாரோ வயதான அம்மா போலிருந்தது. மட்டக்களப்புப் பேச்சு ஹெட்போனுக்கு வெளியிலும் மெல்லக் கேட்டது, அழுது அழுது பேசிக்கொண்டிருந்தார். தேவிகா நிமிர்ந்து துரையைப் பார்த்தாள். அவளுடைய முழங்கால் அசைந்ததை நான் பார்த்தேன். பொய் இல்லை, அசைந்தது. ஒரு கையால் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

எழும்பவில்லை.

மற்றக் கையை மெல்ல உயர்த்தி, கொஞ்சம் பொறுங்க என்று துரைக்குச் சைகை காட்டினாள். மரியாதையாகத்தான் காட்டினாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு, “இருக்கேம்மா, நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. நீங்க சொல்லுங்க,” என்றாள்.

பாதி எழும்பியவள் உட்கார்ந்தாள். முழுவதும் எழும்பியவளும் உட்கார்ந்தாள். ஒருவர் தட்டத் தொடங்க, எல்லாரும் தட்டத் தொடங்கினார்கள். அறை முழுக்க வேலைச் சத்தம்.

துரை அப்படியே நின்றார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். மலையின் ஓரத்தில் நின்று கொழுந்து பறிப்பதைப் பார்ப்பாரே, அதே பார்வை. டேப் பிடித்தவன் குனிந்தான். துரை கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

பிறகு மேடத்திடம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் சொன்னார். “சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்தேன். இங்கே வேலை நடக்கிறது. நடக்கிற வேலையை நிறுத்த எனக்குப் பழக்கம் இல்லை. வேறு இடம் காட்டுகிறேன்.”

எங்கள் பிள்ளைகள் எல்லாரும் எழும்பிச் சுவரோரம் நின்றிருந்தால் அவர் பார்த்திருக்கக் கூடியது வெறும் நாற்காலிகளைத்தான்.

தேவிகா அழைப்பை முடித்தாள். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டாள். அவளுடைய நெற்றி வியர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

“முடிஞ்சுதா?” என்றார் துரை.

“முடிஞ்சிருச்சு சார்.” வாசல் பக்கத்து நீள வாங்கைக் கை காட்டினாள். “ஒக்காருங்க சார். பேசுவோம்.”

எங்கள் தோட்டத்தில் ஒரு துரையை ஒருத்தி உட்காரச் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். என் அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

துரை உட்கார்ந்தார். மேடமும் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது அந்த அறையில் நின்றுகொண்டிருந்த ஒரே தோட்டத்து ஆள் யார் என்று பார்த்தால், நான். கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு.

தேவிகா தன் பக்கத்து நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

“நீங்களும் ஒக்காருங்கக்கா,” என்றாள்.

உட்கார்ந்தேன்.